குரலைத் தின்ற பெட்டி

மைக்கின் முன்னால் ஜெபிஷா இரண்டு வரி பாடுவதற்குள் ஐந்தாம் வகுப்புப் பையன்கள் சிரித்துவிட்டார்கள். குழாய் ஸ்பீக்கரிலிருந்து வந்தது பாட்டே இல்லை. யாரோ தகரத்தை மணலால் தேய்ப்பது போன்ற சத்தம்தான் வந்தது.

விளாத்திகுளத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த நடுநிலைப் பள்ளிக்கு வெள்ளிக்கிழமை ஆண்டு விழா. அன்று புதன்கிழமை, ஒத்திகை நாள்.

சற்று முன்புதான் கண்ணுசாமி வரவேற்புரை சொல்லிவிட்டுப் போயிருந்தான். அவனுக்கு ஊர் எல்லை வரை கேட்கும் தொண்டை. ஸ்பீக்கரில் அவன் குரல் கணீரென்று இருந்தது. ஜெபிஷாவுடையதோ மெல்லிய குரல். அது மட்டும் ஏன் இப்படி வருகிறது என்று யாருக்கும் புரியவில்லை.

"ஜெபிஷா, உன் குரலு மைக்குக்கு ஒத்துவரல போல" என்றார் ஸ்டெல்லாமேரி டீச்சர், தயங்கித் தயங்கி. "பாட்டைக் கண்ணுசாமி பாடட்டும். நீ பின்னால நின்னு எல்லாரோடயும் சேர்ந்து பாடும்மா."

ஜெபிஷா தலையை மட்டும் ஆட்டினாள். ஓர் ஓரமாகப் போய் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

அதைப் பார்த்த தங்கமாரிக்குப் பொறுக்கவில்லை. ஏழாம் வகுப்பில் இருவரும் ஒரே பெஞ்ச். தினமும் பருத்திக்காட்டு வழியாக வீட்டுக்கு நடக்கும்போது ஜெபிஷா பாடுவதை அவள் கேட்டிருக்கிறாள். அந்தக் குரலில் ஒரு குறையும் கிடையாது. அப்படியானால் குறை மைக் செட்டில்தான் இருக்க வேண்டும். அந்த மைக் செட்டோ தங்கமாரியின் அப்பாவுடையது!

சாயங்காலம் செட்டை வீட்டில் இறக்கியதுமே அவள் பேச்சை எடுத்தாள். அப்பா இசக்கிமுருகனுக்குச் சுருக்கென்றது.

"என் செட்டுல குறையா? ஏட்டி, இந்த ஆம்பிளிபயரைத் தொட்டுப் பாரு. மத்தியானம் பூரா ஓடியிருக்கு, சில்லுனு இருக்கா இல்லையா?"

தொட்டுப் பார்த்தாள். சில்லென்றுதான் இருந்தது.

பெட்டியின் முதுகில் 'கிளாஸ் ஏபி' என்று அச்சிட்டிருந்தது. அது என்ன கிளாஸ்? பெட்டிக்கும் பரீட்சை வைத்து வகுப்புப் பிரிப்பார்களா என்ன? அம்மாவின் செல்போனை வாங்கிக்கொண்டு தேடினாள். முதல் வீடியோ புரியவில்லை. இரண்டாவதில் தூக்கம் வந்தது. மூன்றாவதை நான்கு முறை பார்த்தாள். நான்காவது முறையில் துள்ளி எழுந்தாள்.

"அப்பா, ஏ கிளாஸ் ஆம்பிளிபயர் சும்மா இருந்தாலே கொதிக்குமாம். பி கிளாஸ் சும்மா இருக்கும்போது சூடே ஆகாதாம். ஏபி ரெண்டுக்கும் நடுவுல, லேசா கதகதன்னு இருக்குமாம். நம்மது ஏபி. பெறகு ஏன் சில்லுனு இருக்கு?"

இசக்கிமுருகன் வயரைச் சுற்றுவதை நிறுத்தினார்.

"அதுவா? போன வருசம் முளைப்பாரி ஊர்வலத்துல டிராக்டர்ல வச்சு மூணு ஊரு சுத்துனோம். உச்சி வெயிலு. பெட்டி கொதிச்சு டிரான்சிஸ்டர் போயிட்டு. அதான் சும்மா இருக்கும்போதும் உள்ள கரண்டு ஓட விடுத திருகைக் குறைச்சு வச்சேன். இப்ப சூடும் இல்ல, பேட்டரியும் நின்னு வருது."

"அதைக் குறைச்சதாலதான் ஜெபிஷா பாட்டு கரகரங்குது!"

"ஒரு வருசமா எத்தன கூட்டத்துக்குக் கட்டியிருக்கேன்? ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலியே. அந்தப் பிள்ளைக்குச் சன்னக் குரலு. அதுக்காக நான் பெட்டியைக் கொளுத்த ஏலாது. போய்ப் படி."

தங்கமாரி படிக்கத்தான் போனாள். ஆனால் புத்தகத்தின் ஒரு பக்கம்கூடத் திரும்பவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் இதை நிரூபித்தே தீருவது என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை பள்ளிக்கு நடக்கும்போது ஜெபிஷாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"பெட்டிக்குள்ள ரெண்டு பேரு ரிலே ஓடுதாங்கன்னு வச்சுக்கோ. சத்தத்தோட மேல் பாதியை ஒருத்தன் தூக்கிட்டு ஓடுதான், கீழ்ப் பாதியை இன்னொருத்தன். ஏ கிளாஸ்ல யாருக்கும் ஓய்வே கிடையாது, ஓடிக்கிட்டே இருக்கணும். அதான் அம்புட்டுச் சூடு. பி கிளாஸ்ல முதல் ஆளு வந்து நிக்க வரைக்கும் ரெண்டாவது ஆளு தூங்குதான். எழுப்பி, குச்சியைக் கையில குடுக்கதுக்குள்ள ஒரு இடைவெளி விழுந்துருது."

"ஏபியில?"

"ஏபியில அவன் முழிச்சு, கையை நீட்டிக்கிட்டே நிப்பான். குச்சி கீழ விழாது. எங்க அப்பா திருகைக் குறைச்சு அவனைத் தூங்க வச்சுட்டாவ."

"அப்ப கண்ணுசாமிக்கு மட்டும் எப்படி நல்லா கேக்குது?"

"அவன் போடுத சத்தத்துக்கு அந்தச் சின்ன இடைவெளி தெரியவே தெரியாது. உன் குரலு பூராவும் அந்த இடைவெளியிலதான் விழுது."

ஜெபிஷா புத்தகப் பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள். "விடுட்டி. எல்லாரும் மறுபடியும் சிரிப்பாங்க. நான் பின்னாலயே நின்னுக்கிடுதேன்."

"நான் விடமாட்டேன். நீ பாடவே வேண்டாம். வேற ஆளைப் பாட வைக்கேன் பாரு."

அந்த வேறு ஆள் வேப்பமரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பள்ளி மணியாக அடிக்கிற தண்டவாளத் துண்டுதான் அது.

மத்தியானம் இரண்டாம் நாள் ஒத்திகைக்காக இசக்கிமுருகன் செட்டைக் கட்டி முடித்ததும் தங்கமாரி டீச்சரிடம் ஓடினாள்.

"டீச்சர், ஒரே ஒரு தடவை மணி அடிச்சுக்கிடட்டுமா? எல்லாரும் சத்தம் ஓயுத வரைக்கும் கேக்கணும்."

முதலில் மைக் இல்லாமல் அடித்தாள். ணங் என்று எழுந்த நாதம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, எப்போது ஓய்ந்தது என்றே தெரியாமல் ஓய்ந்தது. பிறகு மைக்கைப் பக்கத்தில் வைத்து அடித்தாள். ஸ்பீக்கரில் தொடக்கம் கணீரென்றுதான் வந்தது. சத்தம் குறையக் குறைய கரகரத்தது, இழுத்தது, பாதியிலேயே பட்டென்று அறுந்துபோனது.

"அட, மணிக்குமா தொண்டை கட்டிக்கிடுச்சு?" என்றார் டீச்சர்.

கண்ணுசாமி தானாகவே முன்னால் வந்தான். "நான் மெதுவாப் பேசிப் பாக்கேன்." மைக்கின் முன்னால் தன் பேரைக் கிசுகிசுத்தான். தகரத்தை மணலால் தேய்க்கிற அதே சத்தம் வந்தது. ஐந்தாம் வகுப்பு மறுபடியும் சிரித்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவன் கண்ணுசாமிதான்.

தங்கமாரி அப்பாவைப் பார்த்தாள். இசக்கிமுருகன் சிரிக்கவில்லை. அவரே போய் மணியை இன்னொரு தடவை அடித்தார். தலையைச் சாய்த்து, சத்தம் அறுந்த இடம் வரைக்கும் கேட்டார். அவர் முகம் சுருங்கிப்போனது.

"ஒரு வருசமா இப்படியா ஓட்டியிருக்கேன்" என்று முனகினார். "ஆனா ஏட்டி, திருகைக் கூட்டுனா சூடாகுமே. விழா நடுவுல பெட்டி போயிட்டுன்னா எல்லாருக்கும் அவமானம்லா?"

"இது டிராக்டர் இல்லப்பா. வெயிலும் இல்ல, சாயங்கால விழா. கரண்டும் இருக்கு, பேட்டரி தேவையில்ல. பக்கத்துல டேபிள் பேன் ஓடட்டும், நான் உக்காந்து பாத்துக்கிடுதேன். ஊர்வலத்துக்குப் போகும்போது மட்டும் குறைச்சுக்கோங்க."

இசக்கிமுருகன் அவளை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். "நீ எட்டி நில்லு" என்று சொல்லிவிட்டு மூடியைக் கழற்றி, மீட்டரை வைத்து, சின்னத் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். மறுபடி மணி அடித்தபோது அந்த நாதம் ஸ்பீக்கரிலும் கடைசி வரை தேய்ந்து ஓய்ந்தது.

"ஜெபிஷா, நாளைக்கு நீதான் பாடுத" என்றார் டீச்சர்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மிளகாய்க் களத்திலிருந்து நேராக வந்தவர்களும் சேர்ந்து பள்ளி மைதானம் நிறைந்துவிட்டது. ஜெபிஷா மைக்கின் முன்னால் வந்து நின்றாள். அவள் தங்கமாரியைத் தேடினாள். தங்கமாரி சொன்னபடியே டேபிள் பேனுக்குப் பக்கத்தில், பெட்டிமேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். பெட்டி கதகதவென்று இருந்தது. பாடு என்று கண்ணைக் காட்டினாள்.

ஜெபிஷா பாடினாள்.

பருத்திக்காட்டில் கேட்கிற அதே குரல். வரிக்கு வரி இறங்கி, கடைசி வரியில் மூச்சளவுக்கு மெலிந்தது. அது கடைசி வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்டது. ஐந்தாம் வகுப்புப் பையன்களில் ஒருவன்கூட அசையவில்லை. பாட்டு முடிந்ததும் கைதட்டினார்கள் பாருங்கள், வேப்பமரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்துபோயின.

இசக்கிமுருகன் தங்கமாரியின் பக்கம் குனிந்தார்.

"ஏட்டி, இந்தப் பிள்ளை எப்பவுமே இப்படித்தான் பாடுமா?"

"தினமும் இப்படித்தாம்ப்பா பாடுதா."

அடுத்த நிகழ்ச்சிக்காக மைக்கை நகர்த்த எழுந்தவர் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னொரு பாட்டுத் தெரியுமான்னு கேளு" என்றார்.