ஐந்து பிரபுக்கள்

சனிக்கிழமை காலை 7.10. பெரியநீலாவணைக் கரையிலுள்ள மீனவர் சங்கக் கட்டடத்தில், தலைவர் இராசதுரை அலுமாரியைத் திறந்து தகரக் குழலை எடுத்தார். ஆட்டிப் பார்த்தார். சத்தமில்லை. மூடியைக் கழற்றினார்.

"ஐயோ, லண்டன் கடதாசியைக் காணல்ல!"

வெளியே பந்தல் கட்டிக்கொண்டிருந்தவர்கள் கயிற்றை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். பந்தல் ஒரு பக்கமாகச் சரிந்தது.

கரைவலை இழுக்க வாய்ப்பான அந்த ஒரு துண்டுக் கரைக்காகப் பெரியநீலாவணையும் பக்கத்து மருதமுனையும் ஒரு காலத்தில் வழக்காடி லண்டன் வரை போயின. 1954இல் பதில் வந்தது. அன்றிலிருந்து இரண்டு ஊரும் முறைவைத்து வலை இழுக்கின்றன. பருவத்தின் முதல் வலையை மட்டும் சேர்ந்து இழுத்து, சேர்ந்து சாப்பிடுவார்கள். ஆனால் ஆங்கிலத்தில் இருந்த அந்தக் கடதாசியை முழுதாக வாசித்தவர் எவருமில்லை. இன்று முதல் வலை நாள்; இந்த முறை அதைத் தமிழில் வாசித்துக் காட்டுவதற்காகக் கல்முனை நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் ஷாஹினாவை அழைத்திருந்தார்கள்.

7.40. ஷாஹினா இரண்டு அகராதிகளோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். இன்ஸ்பெக்டர் பஸால் முன்பே வந்திருந்தார். இருபத்திரண்டு வருடங்களாகப் பொலிஸாரின் வாக்குமூலங்களில் ஓட்டை கண்டுபிடித்துக் கொண்டிருப்பவர் ஷாஹினா. பஸாலுக்கு அது தெரியும். அவரே பலமுறை மாட்டியிருக்கிறார்.

"நீங்களே கேளுங்க மிஸ்," என்று தான் உட்கார்ந்திருந்த கதிரையை நகர்த்திவிட்டார்.

முதலில் இராசதுரை.

"கடைசியாக் கண்டது எப்ப?"

"நேத்துப் பின்னேரம் நாலு மணிக்கு, தங்கச்சி. ஆட்டிப் பாத்தன். உள்ளுக்குக் கிடந்தது."

"அலுமாரித் திறப்பு?"

"கலண்டருக்குப் பின்னால, ஆணியில."

"அது யாருக்கெல்லாம் தெரியும்?"

இராசதுரை தலையைச் சொறிந்தார். "ஊருக்கே தெரியும். அம்புக்குறி போட்டு வைக்காததுதான் குறை."

"எப்பவும் எத்தனை மணிக்குத் திறப்பீங்க?"

"ஒன்பதுக்கு. இண்டைக்குப் பந்தல் வேலைக்காக வெள்ளென வந்தன்."

அடுத்தவர் சங்கச் செயலாளர் அப்ராஸ், மருதமுனைக்காரர்.

"அந்தப் பேப்பர்ல என்ன இருக்கு, காக்கா?"

"ஆருக்குத் தெரியும்? ரெண்டு ஊரும் இழுங்கண்டு லண்டன்ல சொன்னாங்களாம். சொன்னது ஒராளா, ஒம்பது பேரா, அதுவும் தெரியா."

மூன்றாவது இன்பாஸ், காணித் தரகர். அந்தக் கரையில் விடுதி கட்ட ஆறு மாதமாக அலைகிறவர். சங்கத்துக்குப் புதுக் கதிரைகள் கொடுத்ததும் அவர்தான்.

"நான் விருந்துக்கு வந்த ஆள், ராத்தா. லண்டன்ல இதைச் சொன்ன அந்த அஞ்சு பிரபுமாரும் மௌத்தாகி, மண்ணோட மண்ணாகி எவ்வளவு காலம்! ஒரு பழைய பேப்பருக்கு இவ்வளவு பாடா? இருங்க, நானும் தேடிப் பாக்கிறன்."

8.35. இன்பாஸ், வலைகள் போட்டுவைக்கும் வாடியிலிருந்து கத்திக்கொண்டே வந்தார். "கிடைச்சிட்டு! வலைக் குவியலுக்குக் கீழ கிடந்தது!"

கரையே ஆரவாரித்தது. பந்தல் மறுபடி நிமிர்ந்தது. ஷாஹினா பழுப்பேறிய தாள்களை வாங்கி, உள்ளே போய் உட்கார்ந்து வாசித்தார். மூன்றாம் பக்கத்தில் அவர் விரல் நின்றது.

ஐந்து பிரபுக்களில் மூவர், கரை முழுவதும், பெரியநீலாவணைக்காக வழக்காடிய இராசதுரையின் பாட்டனாருக்கே சொந்தம் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு ஊருக்கும் பொது என்று சொன்னவர்கள் மற்ற இருவர்; அவர்களுடைய மறுப்பு தனியாகக் கீழே இருந்தது. அப்படியானால் எழுபது வருடங்களாக ஊர் நம்பி வந்தது தோற்றுப்போன இருவரின் பேச்சையா?

ஷாஹினா தாளைக் கவிழ்த்து வைத்தார். எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி வாசிப்பதுதான் அவர் தொழில். வெளியே இரண்டு ஊர்ச் சனமும் ஒன்றாகச் சிரித்துக்கொண்டு நின்றது. இதை வாசித்தால் அந்தச் சிரிப்பு அதோடு சரி.

இராசதுரையையும் அப்ராஸையும் உள்ளே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். இன்பாஸும் பின்னாலேயே நுழைந்தார்.

"எனக்கா? முழுக்கவா?" இராசதுரை பதறினார். "இந்தப் பெரிய வலைய நான் தனியவா இழுக்கிற? அப்ராஸ் இல்லாட்டி எனக்குக் கயிறு பிடிக்கவே தெரியாதே!"

அப்ராஸ் கடலைப் பார்த்தபடி நின்றார். கண்ணைத் துடைத்துவிட்டு, "வேர்க்குது," என்றார்.

"சட்டம் சட்டந்தானே," என்றார் இன்பாஸ். "இனி இராசதுரை அண்ணன்ட ஒரு கையெழுத்துப் போதும்."

"எதுக்குப் போதும்?" என்றார் ஷாஹினா.

இன்பாஸ் ஒரு கதிரையை நேராக்கி வைத்தார்.

9.05. ஷாஹினா ஒரு பிளேன்டீ கேட்டு வாங்கிக் குடித்தார். தாளிலிருந்த தேதியைப் பார்த்தார். மூன்றாம் பக்கத்தை மறுபடி பார்த்தார். பிறகு, அன்று காலையில் முதல் தடவையாக, வாய்விட்டுச் சிரித்தார்.

"இன்ஸ்பெக்டர், கதவைச் சாத்துங்க. இது பொய்க் கடதாசி."

"எப்பிடி மிஸ்? டைப் எழுத்தையா, தாளையா பாத்தீங்க?"

"ரெண்டையும் இல்ல. அசல் வந்தது லண்டன் கோமறைக் கழகத்துல இருந்து. அது கோர்ட் மாதிரி நடக்கும், ஆனா பேருக்குக் கோர்ட் இல்ல. அரசிக்குப் புத்தி சொல்ற சபை. அவங்க தீர்ப்பெண்டு எழுத மாட்டாங்க. 'அரசியாருக்குப் பணிவோட ஆலோசனை சொல்றம்' எண்டுதான் முடிப்பாங்க. கட்டளை போடுறது அரசி. இப்ப நீங்களே சொல்லுங்க, மூணு பேர் இப்பிடி, ரெண்டு பேர் அப்பிடியெண்டு போய் நிண்டா, அரசி ஆர்ர பேச்சக் கேக்கிற? அதனால உள்ளுக்கு எவ்வளவு சண்டை பிடிச்சாலும் வெளிய ஒரே ஆலோசனைதான் வரும். மறுத்தவர்ர கருத்த வெளியிடுற வழக்கம் 1966க்குப் பிறகுதான். இதுல இருக்கிற வருஷம் 1954."

பஸால் தாளை வாங்கித் தேதியைப் பார்த்தார். "அப்ப எழுதினது ஆரு?"

"இன்பாஸ்."

"நானா? ராத்தா, நான் தேடி எடுத்துத் தந்தவன்!"

"ஓம். அதுக்கு முன்னயே 'அஞ்சு பிரபுமார்' எண்டு சொன்னவரும் நீங்கதான். ரெண்டு ஊர்லயும் ஒருத்தருக்கும் தெரியாத கணக்கு அது. அசலை வாசிச்ச ஆளுக்குத்தான் தெரியும். ஊர் நம்புறதக் கழுவித் துடைக்க ஏலாதெண்டு அதை ரெண்டு பிரபுமார்ர தலையில கட்டினீங்க. கெட்டித்தனந்தான். ஆனா அந்தக் கெட்டித்தனம்தான் காட்டிக் குடுத்தது."

"நான் என்னத்துக்கு இராசதுரை அண்ணனுக்கு எழுதிக் குடுக்க?"

"ரெண்டு ஊரிட்ட கரை கேட்டா ஒருநாளும் கிடைக்காது. ஒராளிட்ட எண்டா ஒரு கையெழுத்துப் போதும். நேத்துப் பின்னேரம் எடுத்தீங்க. ராவோட ராவா டைப் அடிச்சு, ஒன்பது மணிக்கு முன்ன மாத்தி வைக்க நினைச்சீங்க. இராசதுரை அண்ணன் ஏழுக்கே திறந்திட்டார். பிறகு தேடிக் கண்டெடுக்கிறதத் தவிர வேற வழியில்ல."

இன்பாஸ் புதுக் கதிரை ஒன்றில் தொப்பென்று உட்கார்ந்தார். அசல் அவருடைய வான் வண்டியில், ஆசனத்துக்குக் கீழே இருந்தது. பழைய காணி உறுதிப் பத்திரக் கட்டு ஒன்றிலிருந்து வெற்றுத் தாள் உருவி டைப் அடித்ததாக அவரே ஒப்புக்கொண்டார். பஸால் அவரை ஜீப்பில் ஏற்றினார்.

10.20. பந்தலுக்குக் கீழே ஷாஹினா அசலை வாசித்தார். ஐந்து பிரபுக்களும் சேர்ந்து ஒரே ஆலோசனை சொல்லியிருந்தார்கள்: ஆறு நாட்களை இரண்டு ஊரும் மாறிமாறி எடுத்துக்கொள்ள வேண்டும். இராசதுரையும் அப்ராஸும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். சனம் கைதட்டியது.

"பொறுங்க, இன்னும் ஒரு வரி இருக்கு," என்றார் ஷாஹினா. "ஏழாம் நாளான வெள்ளிக்கிழமை, அந்தக் கரையில் சொந்த வலை இல்லாத குடும்பங்களுக்குரியது."

கைதட்டல் நின்றது. வெள்ளிக்கிழமைகளில் கரை சும்மாதான் கிடக்கும். அதுவும் சட்டம் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். கருவாடு காயவைத்து விற்கும் பெண்கள் கூட்டத்திலிருந்து லைலா என்பவர் எழும்பி முன்னால் வந்தார்.

"எழுவது வருஷமா எங்கட வெள்ளிக்கிழமைய ஆரு மக்காள் வெச்சிருந்த?"

முதலில் சிரித்தவர் இராசதுரை. பிறகு கரை முழுவதும் சிரித்தது.

"ஜும்ஆத் தொழுகை முடிய வருவம்," என்றார் லைலா. "வலை நீங்க தரணும்."

"தாறம்," என்றார் அப்ராஸ்.

தோணி வலையை வளைத்துப் போட்டுவிட்டுக் கரைக்குத் திரும்பியது. ஆண்கள் கயிற்றுக்கு ஓடினார்கள். அதற்குள் லைலாவும் ஏழெட்டுப் பெண்களும் கயிற்றைப் பிடித்துவிட்டிருந்தார்கள்.

"லைலா ராத்தா, இண்டைக்குச் சனிக்கிழம!" என்று யாரோ கத்தினார்கள்.

"தெரியும்," என்றார் லைலா, காலை மணலில் ஊன்றியபடி. "பழகிப் பாக்கிறம்."