யாரும் இல்லாதபோது வந்த பாட்டு

அத்தை மகள் ஜெசிந்தாளின் திருமணத்துக்கு எமல்டா போகவில்லை. எனினும், கோயில் வாசலில் தன் தலைமேல் விழுந்த பூவிதழ்களும், விருந்தில் நாக்கைச் சுட்ட பிரியாணியும் அவளுக்கு நன்றாக நினைவிருந்தன. பெண் வீட்டார் அழைப்பிதழ் அனுப்பவில்லை. நினைவுத் துளி அனுப்பியிருந்தனர். அதை நெற்றிப்பட்டையில் பொருத்திச் சிறிது நேரம் கண்மூடிக் கிடந்தாள். எழுந்தபோது திருமணத்துக்குப் போய்வந்தவளாக இருந்தாள்.

நினைவுபெயர்ப்பி வந்தபின் தூத்துக்குடி இப்படித்தான் ஆகிவிட்டது. ஒருவர் கண்டதையும் கேட்டதையும் மூளையிலிருந்து பெயர்த்தெடுத்து, கடுகளவு கண்ணாடித் துளியில் அடைத்து, இன்னொருவர் மூளையில் பதிக்கும் கருவி அது. கப்பலில் இருந்த மகன் தாயின் அடக்கத்தில் நின்றான். படுக்கையில் கிடந்தவர் வேளாங்கண்ணிக்கு நடந்தார். அதுவரை நன்மைதான். பிறகு, போக முடிந்தவர்களும் போவதை நிறுத்திக்கொண்டார்கள். நாளடைவில் அழைப்பவர்களும் அழைப்பதை விட்டார்கள்.

எமல்டா துறைமுக எடைமேடை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், மணமாகாதவள். அவள் வீட்டுக் கதவைத் தட்டுவோர் எவருமிலர். ஆண்டில் ஒரு நாள் மட்டும் அவள் நல்ல சேலை உடுத்திக் கடற்கரை மைதானத்துக்குப் போவாள். அது மச்சாடோ இறந்த நாள்.

'உப்புக்காற்று' என்னும் இசைக்குழுவில் மின்கிட்டார் வாசித்தவர் மச்சாடோ. அவருடைய நினைவு நாளில் கூடும் ரசிகர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பாட்டுகளை எல்லாரும் சேர்ந்து பாடுவார்கள். கிட்டார் தனித்தெழும் இடம் வந்தால் அதையும் வாயாலேயே வாசிப்பார்கள். வழுக்கைத் தலையரும் பேரன் எடுத்தவரும் இல்லாத கிட்டாரை வயிற்றின்மேல் தாங்கிக்கொண்டு, 'டீங்ங்... டிகிடிகி டீயாவ்' என்று கண்ணைச் சொருகிக் கத்துவார்கள். பக்கத்தில் நிற்பவர் யாராயினும் தோளில் கை போட்டுக்கொள்வார்கள். ஆண்டில் அந்த ஒரு நாள்தான் எமல்டாவின் தோளில் இன்னொருவர் கை விழும்.

சென்ற ஆண்டுக் கூட்டத்துக்கு வந்தவர்கள் ஒரு சிற்றுந்தைக்கூட நிரப்பமாட்டார்கள். ரசிகர் மன்றச் செயலாளர் கஸ்பார், இழுவைப் படகு ஓட்டுபவர், பருத்த உடம்பினர், வந்தவர்களை எண்ணவும் மனமில்லாமல் மேடைப் படியில் உட்கார்ந்திருந்தார்.

"எல்லாப் பயலும் வீட்டுல படுத்துக்கிட்டுப் பழைய கச்சேரி நெனவ வாங்கிப் போட்டுக்கிடுதான்க்கா. வேர்க்காம, நசுங்காம முன்வரிசையில நிக்கானாம். இங்க வந்தா என் வேர்வ நாத்தம்லா கெடைக்கும்!"

"நாத்தம் உண்டும்தான், தம்பி. அதுக்காவ வராம இருந்துருவாவளா?"

கஸ்பார் சிரித்தார், ஆனால் சிரிப்பு நிலைக்கவில்லை. "இதான் கடைசிக்கா. அடுத்த வருசம் கூட்டம் கெடையாது. இத்தன பேருக்கு மைதானம் எதுக்கு? உங்களுக்கும் ஒரு துளி குடுத்துவிடுதேன். வீட்டுலயே போட்டுக்கிடுங்க."

எமல்டா கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டில் அவளிடம் இருபது திருமணங்களின் நினைவு இருந்தது. அவற்றுள் ஒன்றிலேனும் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"மழப் பாட்டு இருந்தா வருவாவளா?" என்றாள்.

கஸ்பார் தலையை நிமிர்த்தினார். இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் மச்சாடோ ஒரு பேட்டியில் சொன்ன செய்தி அது. இதே மைதானத்தில் மழையால் கச்சேரி நின்றுபோன ஒரு பிற்பகல், கூட்டமெல்லாம் கலைந்தபின் ஒருவர் மட்டும் மிஞ்சியிருந்தார் என்றும், அவர் முன் தாம் ஒரு பாட்டை வாசித்ததாகவும், அது பிறகு தம் விரலுக்கு வரவேயில்லை என்றும் அவர் சொல்லியிருந்தார். அந்த ஒருவர் யார் என்பது தெரியாமலேயே போயிற்று.

"எக்கா, அந்த ஆளு நாந்தான்னு சொன்ன பயலுவள ஏத்துனா ரெண்டு பஸ்சு நெறஞ்சுரும்."

"நான் இதுவரைக்கும் சொன்னேனா?"

கஸ்பார் படியிலிருந்து மெல்ல எழுந்தார். "ஏங்க்கா இத்தன நாளும் சொல்லல?"

"அது ஒண்ணுதான தம்பி எங்கிட்ட இருந்துச்சு."

அடுத்த வாரம் அவளை, நினைவைத் துளியாக எடுத்துத் தரும் பெயர்ப்பகத்துக்கு அழைத்துச் சென்றார் கஸ்பார். கருவியை இயக்கிய பெண் நெற்றிப்பட்டையை இறுக்கியபடியே வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள்: "அந்த நேரத்துல உங்க மனசு எப்டி இருந்துச்சோ, அதுவும் சேந்துதான் வரும்மா. பாட்ட மட்டும் தனியாப் பிரிக்க முடியாது. சம்மதந்தானே?"

"வந்துட்டுப் போகட்டும். என் ஆயுசுல அவ்வளவு சந்தோசமா நான் இருந்ததில்ல" என்றாள் எமல்டா. அது உண்மை. கண்ணை மூடினாள்.

மழை. எல்லாரும் ஓடிவிட்டார்கள். ஒரு நெகிழி நாற்காலியைத் தலைக்குமேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு அவள் மட்டும் நிற்கிறாள். வீட்டில் தேடுவதற்கு யாருமில்லை. ஒலிபெருக்கிகளுக்குத் தார்ப்பாய் போர்த்தியாயிற்று. கழற்றி வைத்த கைக்கடிகாரத்தை எடுக்க, தோளில் கிட்டாரோடு மச்சாடோ திரும்பி வருகிறார்.

"வீட்டுக்குப் போகலியா?"

"மழ விடட்டும்னு..."

அவர் மேடை விளிம்பில் உட்காருகிறார். மின்தொடர்பு இல்லாத கிட்டார், தீப்பெட்டிக்குள் அடைத்த வண்டுபோல் மெல்ல முரலுகிறது. கேட்பதற்காக அவள் கிட்டப் போகிறாள்; இன்னும் கிட்டப் போகிறாள். பாட்டு முடிந்ததும் அவர், "யாரும் இல்லாதப்பத்தான் இது வருது" என்கிறார். மறுபடியும் தொடங்குகிறார். அவள் மைதானத்தின் வாயிலைத் திரும்பிப் பார்த்துக்கொள்கிறாள். யாரும் வந்துவிடக் கூடாதே! உலகத்தில் ஒருவரும் இந்தப் பக்கம் வந்துவிடக் கூடாதே!

துளி தெளிவாக வந்திருப்பதாக அந்தப் பெண் சொன்னாள்.

நினைவு நாளன்று மைதானத்துக்கு வருவதாக வாக்களிப்பவர்களுக்கு மட்டுமே துளி என்று மன்றம் அறிவித்தது. கோலாலம்பூரிலிருந்தும் கொழும்பிலிருந்தும் கேட்டு எழுதினார்கள். கஸ்பார் அவளைத் தினந்தோறும் தொலைபேசியில் அழைத்தார். "எக்கா, ஆயிரம் தாண்டிட்டு! மச்சாடோ உசிரோட இருந்தப்பக்கூட இப்டிக் கூட்டம் வந்ததில்ல. நீங்க முன்வரிசையில நிக்கணும், ஆமா!" முன்பின் அறியாதவர்கள் அவளுக்கு வாழ்த்து அனுப்பினார்கள். நினைவு நாளுக்கு ஒரு மாதம் இருக்கையில் துளிகள் விநியோகமாயின. அதன்பின் தொலைபேசி ஓய்ந்தது. எல்லாரும் அந்தப் பாட்டை வாயால் வாசித்துப் பழகிக்கொண்டிருப்பார்கள் என்று எமல்டா எண்ணிக்கொண்டாள். அவளும் சமையலறையில் பழகினாள். ஆயிரக்கணக்கான வாய்கள் சேர்ந்து வாசித்தால் அந்த வண்டு முரலல் என்னவாகும் என்று நினைத்தபோதே அவளுக்கு மெய் சிலிர்த்தது.

அந்த நாளும் வந்தது. வானம் மூட்டமாயிருந்தது. மைதானத்தை அடைந்தவள் வாயிலிலேயே நின்றுவிட்டாள். கண்ணுக்கெட்டிய வரை மக்கள். அவளுக்குக் கண் கலங்கியது.

உள்ளே நடந்தபோதுதான் அவளுக்கு ஏதோ உறுத்திற்று. இவ்வளவு பெரிய கூட்டத்தில் யாரும் அவளை இடிக்கவில்லை. உப்பளத்தில் குவித்த உப்பு மேடுகளைப்போல் ஒவ்வொருவரும் இடைவெளி விட்டு நின்றார்கள். பேச்சில்லை. ஒருவர் அசைந்தால் அடுத்தவர் விலகிக்கொண்டார். சிலர் நாற்காலியைத் தலைக்குமேல் கவிழ்த்துப் பிடித்திருந்தார்கள். மழை இன்னும் பெய்யவில்லை.

மேடையருகே கஸ்பார் நின்றிருந்தார். அவள் நெருங்கவும் அவர் முகம் சுருங்கியது.

"நீங்க எதுக்குக்கா வந்திய?"

"என்ன தம்பி இப்டிக் கேக்க? பாடணும்லா? ஆரம்பிச்சு வையி."

"பாடவா? இத்தன பேர வச்சுக்கிட்டா?" அவர் மேடை விளிம்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எல்லாரும் போகட்டும்க்கா. அப்பத்தான..." சொல்ல வந்ததை விழுங்கினார். வெட்கப்பட்டவராய்த் தாழ்ந்த குரலில் தொடர்ந்தார்: "அவரு செத்துட்டாருன்னு எனக்குத் தெரியாமலா? அடக்கத்துக்குத் தூக்குனதே நான்தான. ஆனா பாருங்க, அன்னைக்கு இங்க நானும் அவரும் மட்டுந்தான் இருந்தோம். இப்ப இவ்வளவு பேரு நிக்கதப் பாத்தா நெஞ்ச அடைக்கி. கோச்சுக்கிடாதிய, கொஞ்சம் அந்தால போயி நில்லுங்களேன்."

எமல்டா அந்தால போய் நின்றாள். சுற்றியிருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இளைஞர், முதியவர், ஆண், பெண் என்னும் வேறுபாடின்றி எல்லாரும் மேடையைப் பார்ப்பதும், வாயிலைத் திரும்பிப் பார்ப்பதுமாக இருந்தனர். ஒவ்வொரு முகத்திலும் ஒரே கவலை எழுதியிருந்தது. அவளுக்கு அது அந்நியமான கவலையன்று. கண்ணாடியில் காண்பதுபோல் தன்னையே அத்தனை பேரிடத்தும் கண்டாள்.

ஒருவராவது தொடங்கினால் மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. இல்லாத கிட்டாரை வயிற்றின்மேல் தாங்கிக்கொண்டு, மெல்லிய குரலில் அந்தப் பாட்டின் முதல் அடியை வாயால் வாசித்தாள். சுருதி பிசகவில்லை. பத்துத் தலைகள் திரும்பின.

"உஷ்!"

"அம்மா, தயவுசெஞ்சு..."

"இங்கயெல்லாம் பாடக் கூடாதும்மா" என்றான் ஒருவன், கோயிலில் பேசுபவன்போல.

அவள் நிறுத்திக்கொண்டாள். தூறல் விழத் தொடங்கியது. எவரும் ஓடவில்லை. மேடை வெறுமையாய் நனைந்தது. ஆயிரக்கணக்கானவர்கள், மற்றவர்கள் போவதற்காகப் பொறுமையோடு காத்திருந்தார்கள்.

எமல்டா சேலைத் தலைப்பைத் தலையில் இட்டுக்கொண்டு வாயிலை நோக்கித் திரும்பினாள். பக்கத்தில் நின்றிருந்த நடுவயதுப் பெண், அவள் போகிறாள் என்பதை அறிந்து, நெஞ்சில் கை வைத்து, முகமெல்லாம் மலர அவளைப் பார்த்துச் சிரித்தாள். அன்று எமல்டாவைப் பார்த்து ஒருவர் சிரித்தது அதுவே முதல் தடவை. எமல்டாவும் பதிலுக்குச் சிரித்துவிட்டு நடந்தாள்.