சீசரின் தட்டு

தட்டில் நாக்குத் தடம் இல்லை. விரல் தடம் இருந்தது.

கொல்லைக் குழாயடியில் குனிந்தபடியே ராதாமணி அதைப் பார்த்தாள். நாய் தின்றுவிட்டு வைத்த எவர்சில்வர் தட்டு. விளிம்போரம் காய்ந்திருந்த சிவப்புப் பசையில், தயிர்சோற்றைக் கடைசியாக வழித்து நக்குவோமே, அதே மாதிரி கோடுகள். சீசரின் நகம் பட்டிருக்கும், வேறென்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியபடி மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவிக் கவிழ்த்தாள்.

செல்லூரில் அந்தச் சந்து முழுக்கப் பவர்லூம். விடிந்தால் அடைந்தால் தடதடவென்று தறிச்சத்தம். பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். ராதாமணியின் வீடு சௌராஷ்டிர வீடு, அதிலும் முட்டை ஓடுகூட வாசல் தாண்டாத வீடு. தறிக்கூடத்தில் நூல் திருடு போகிறதென்று அவள் கணவன் கிரிதரன் அந்த வீட்டுக்குச் சீசர் என்ற டாபர்மேன் நாயைக் கொண்டுவந்தான். அது தயிர்சோறு தின்று நன்றாகத்தான் இருந்தது. சும்மா இருப்பானா மனுஷன்? பைபாஸ் ரோட்டில் நாய்ச் சாமான் விற்கும் கடைக்காரன் அவன் காதில் எதையோ ஓதிவிட்டான். கறி, ஈரல், எலும்பு எல்லாவற்றையும் பச்சையாக அரைத்து உறைய வைத்த பாக்கெட். வேக வைத்தால் சத்துப் போய்விடுமாம், அப்படியேதான் வைக்க வேண்டுமாம். அதற்கென்றே ஒரு பழைய ஃப்ரிட்ஜ் கொல்லைத் தகரக் கொட்டகையில் வந்து உட்கார்ந்தது.

ராதாமணி சண்டை போட்டுப் பார்த்தாள். நடக்கவில்லை என்றதும் ஒரு கட்டுப்பாடு வைத்தாள். பாக்கெட்டைப் பிரித்துத் தட்டில் தள்ளியவுடன் கொல்லைக் கதவைச் சாத்திவிட வேண்டும். அது தின்பதை இந்த வீட்டில் யாரும் பார்க்கக் கூடாது. பார்த்த கண்ணோடு எப்படிப் போய்ச் சாமி விளக்கை ஏற்றுவது? ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் இந்துப்ரியாவுக்கும் அதைப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

அப்புறம் இரண்டாவது குழந்தை பிறந்தது, ஆண் குழந்தை. பச்சை உடம்புக்காரி கறியைத் தொடலாமா? கிரிதரனுக்கோ தறிக்கூடத்தை விட்டு வர நேரமில்லை. நான் வைக்கிறேன் என்று இந்துப்ரியா முன்னால் வந்து நின்றாள். பெரிய மனுஷி மாதிரி இடுக்கியைத் தூக்கிக்கொண்டு போவாள், கதவு சாத்தும் சத்தம் கேட்கும், கொஞ்ச நேரத்தில் கை கழுவிக்கொண்டு வருவாள். என்ன சமர்த்து என்று ராதாமணிக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. கதவை எந்தப் பக்கம் நின்று சாத்துகிறாள் என்று அவள் யோசிக்கவே இல்லை.

அடுத்த வீட்டு ஆனிமேரி டீச்சர்தான் முதலில் கேட்டாள்.

"என்ன ராதா, நாய்க்குச் சோறு போடுறீகளா இல்லையா? எங்க மதில் பக்கம் வந்து ரசஞ்சோத்துக்கு நிக்குது. விலா எலும்ப எண்ணிரலாம் போல இருக்கு."

நாய் வயிற்றில் பூச்சி இருக்கும் என்றான் கடைக்காரன். ராதாமணி அதை நம்பினாள். நம்புவதற்கு வேறு நல்ல சேதியும் இருந்தது: நோஞ்சானாகப் பிறந்து, ஒரு வாய் ஊட்டுவதற்குள் உயிரை வாங்கிய இந்துப்ரியாவுக்குக் கன்னம் உப்பிவிட்டது. முன்பைவிடக் குறைவாகத்தான் சோறு தின்கிறாள், ஆனாலும் உடம்பு வைக்கிறது. ஊர்க்கண் பட்டுவிடக் கூடாதென்று ராதாமணி உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். அன்று மடியில் படுத்த மகளின் மூச்சில் ஒரு வாடை அடித்தது, துருப்பிடித்த ஆணியை வாயில் வைத்த மாதிரி. தெரிந்த வாடை. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

சீசரோ இந்துப்ரியா கொல்லையில் கால் வைத்தாலே வாலைச் செருகிக்கொண்டு சுவரோரம் ஒண்டியது.

அது கரண்ட் நின்று நின்று வந்த வருஷம். ஒரு சாயங்காலம் விளக்கேற்றப் போகும்போது கரண்ட் போனது. சந்தின் தறிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் அடங்கின. காது அடைத்துப்போகிற அமைதி. அந்த அமைதியில், சாத்தியிருந்த கொல்லைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. மெல்லும் சத்தம். அவசரமில்லாமல். நடுவில் எலும்புத் துணுக்கு ஒன்று நறுக்கென்றது.

கூடவே ஒரு முனகல். அது நாயின் முனகல்.

தின்கிற வாய் எப்படி முனகும்?

ராதாமணி கதவைத் திறந்தாள். சீசர் சுவரோடு ஒட்டி நடுங்கிக்கொண்டிருந்தது. இந்துப்ரியா சம்மணம் போட்டு, தட்டை மடியில் வைத்து, பச்சைக் கறியைச் சோறு மாதிரி உருட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்த முகத்தில் பயம் இல்லை, கோபம்தான் இருந்தது.

"பாக்கக் கூடாதும்மா."

அன்று ராதாமணி அழுத அழுகைக்கு வீடே ஆடிப்போனது. கிரிதரன் பாக்கெட்டுகளை மொத்தமாக அள்ளிக் குப்பையில் கொட்டினான், ஃப்ரிட்ஜைக் காயலான் கடைக்குத் தள்ளினான். டாக்டர் பூச்சி மருந்து கொடுத்து, குழந்தைகள் மண்ணைக்கூடத் தின்னும், பயப்படாதீர்கள் என்றார். சீசர் தயிர்சோற்றுக்குத் திரும்பியது. ஆனால் அந்த வீட்டில் இருக்கவில்லை. மதில் தாண்டி ஆனிமேரி டீச்சர் வீட்டு வாசலிலேயே படுத்துக்கொண்டது, கூப்பிட்டாலும் வரவில்லை.

இந்துப்ரியா அழவில்லை. கறி எங்கே என்று கேட்கவும் இல்லை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டுப் பசிக்கலை என்று எழுந்துவிடுவாள். உப்பிய கன்னம் மறுபடி ஒட்டியது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தம்பியின் தொட்டில் பக்கம்தான் உட்கார்ந்திருப்பாள். அவன் கையை எடுத்து முகர்ந்து முகர்ந்து பார்ப்பாள். தம்பி மேல் பாசம் என்று ராதாமணி நினைத்தாள். நினைக்க வேண்டியிருந்தது அவளுக்கு.

இன்னொரு சாயங்காலம். அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். கரண்ட் போனது. தறிகள் அடங்கின.

மதிலுக்கு அந்தப் பக்கம் சீசர் ஊளையிட்டது.

பால் பொங்கியது. அவள் அடுப்பை அணைக்கவில்லை. கூடத்துக்கு வந்தாள். தொட்டில் கட்டிய அறையின் கதவு.

சாத்தியிருந்தது.

உள்ளே சத்தமே இல்லை. தள்ளினாள்.

ஜன்னலின் கடைசி வெளிச்சத்தில் இந்துப்ரியா தொட்டிலுக்கு நேர் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் சீசரின் எவர்சில்வர் தட்டு. பளபளவென்று கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து வைத்திருந்தாள். எல்லாம் அம்மா செய்கிற மாதிரியே. அவள் திரும்பவில்லை.

"கதவச் சாத்திட்டுப் போம்மா," என்றாள்.

தொட்டில் சேலைக்கு வெளியே குழந்தையின் பாதம் ஒன்று தொங்கியது. விரல்கள் அசைந்தன. பாதம் கணுக்கால் வரை எச்சில் ஈரமாக இருந்தது.