புளி தேய்த்த ரிவால்வர்

ஆண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு. ஐப்பசி மழை ஓய்ந்த மாலையில், விழுப்புரத்துத் துப்பாக்கிக் கடை அரங்கநாதன், திண்டிவனத்துக்கு வெளியே இருந்த பண்ணையார் சுப்புராயனின் பழைய மாளிகைக்குள் நுழைந்தார். நீதிமன்றம் அவரிடம் கேட்டது ஒன்றே: பண்ணையாரின் ரிவால்வர் எந்த உலோகம்? எந்த மெருகு?

அந்த விடையில் ஓர் உயிர் தொங்கியது. கூலி உயர்வு கேட்ட பண்ணையாள் விருத்தாசலத்தின் உயிரைக் குடித்தது கருநீலத் துப்பாக்கி என்று கண்டவர்கள் சொன்னார்கள். தம்முடையது வெள்ளை நிக்கல் பூசியது என்றார் பண்ணையார். புதுச்சேரிக் கள்ளத் துப்பாக்கியால் விருத்தாசலத்தைக் கொன்றவன் அவன் சொந்தத் தம்பி தாண்டவராயனே என்றும் சாதித்தார். வழக்கு முடியாமல் அந்தத் தம்பி சிறையில் தூக்குக்கு அஞ்சிக் கிடந்தான்.

மேசைமேல் விளக்கடியில் ரிவால்வர் வெளுத்துக் கிடந்தது. அதன் குழலில் மட்டும் செந்துரு, ஒரு கை இறுகப் பற்றிய வடிவில். ஆள்காட்டி விரல் பதியவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

அரங்கநாதன் எண்ணெய்த் துணியால் துடைத்தார். போயிற்று. பூதக்கண்ணாடியை எடுத்துத் திரும்பினார்.

மீண்டும் இருந்தது. ஈரமாக.

"இன்னா மேஸ்திரி, பளபளன்னு வெள்ளையா கீது, இன்னும் மோந்து பாத்துக்கினு கீற? நிக்கல்னு சொல்லிட்டு ஜல்தியா கெளம்பு" என்று சிரித்தார் பண்ணையார்.

மெய்யாகவே முகர்ந்தார் அரங்கநாதன். இரும்பில் புளி நாறியது. நிக்கல் பூச்சென்றால் இளமஞ்சள் சாயல் ஓடும். விளிம்பில் செதிலாய் உரியும். இதுவோ சாம்பல் வெளுப்பு. கைப்பிடி மரத்தைக் கழற்றினார். புளிப்பு எட்டாத அந்த மறைவில் மயில் கழுத்து நீலம் மின்னியது.

நீலமேற்றிய எஃகு! மேல் நீலத்தைப் புளி தின்றிருந்தது. தேய்த்தது யார்? எதற்காக?

தண்ணீர் கொண்டுவந்த வேலைக்காரி கோவிந்தம்மாள் குனிந்து முணுமுணுத்தாள்: "சுடறப்ப விருத்தாசலம் இத்த கெட்டியா புடிச்சிட்டான் சாமி. தீட்டுன்னு என்னையே புளி போட்டுத் தேய்க்கச் சொன்னாங்க. எல்லாம் போச்சு, அவன் கை போவல. கரும்பாலையில ஒரு வெரலு போன கை, சாமி..."

தீண்டியது தீட்டாம்! தீண்டியவனின் நெஞ்சைத் துளைத்தது தீட்டில்லையாம்!

அரங்கநாதன் ரிவால்வரைத் தூக்கினார்.

யாரோ குழலைப் பற்றினார்கள்.

மெல்ல, மிக மெல்ல, அது பண்ணையாரை நோக்கித் திரும்பியது.

"நிக்கல் இல்லீங்க," என்றார் அரங்கநாதன். "நீல எஃகு. கோர்ட்டுலயும் இதான் சொல்வேன்."

பற்று விட்டது. குழலில் கறை இல்லை. அதைத் துணியில் சுருட்டிக்கொண்டு வாசலுக்கு விரைந்தார்.

"யோவ், இருய்யா..." என்று பின்னால் வந்த குரல் அடைத்தது.

திரும்பினார். பண்ணையாரின் வெள்ளைச் சட்டை மார்பில் செந்துருக் கை ஒன்று பதிந்திருந்தது. ஆள்காட்டி விரல் இல்லை. பண்ணையார் பதறித் துடைத்தார். போயிற்று.

மீண்டும் இருந்தது. ஈரமாக.

இம்முறை, கழுத்தில்.