ஏற்ற நாளில் தொலைந்த செயின்

காலை ஐந்தரை. டெய்லரம்மா கட்டிலிலிருந்து கையூன்றித் தாவி, கையால் சுற்றி ஓட்டும் தன் மூன்று சக்கர சைக்கிளில் உட்கார்ந்தாள். பிரேக்கை இறுக்கிக் கட்டியிருந்த ரப்பர் பட்டையை அவிழ்த்தாள். கைப்பிடியைச் சுற்றினாள். அது வெறுமனே சுற்றியது. குனிந்து பார்த்தாள். செயினைக் காணோம்.

"ஏட்டம்மா! எந்திரிங்க!"

பக்கத்துக் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற பெண் ஏட்டு வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். காலமெல்லாம் திருடன் பிடித்தவருக்குப் பக்கத்திலேயே திருட்டு. எரிச்சல் எரிச்சலாக வந்தது.

மாற்றுத்திறனாளிகளின் தொழிற்கூடத்துக்கு நிதி திரட்டும் நெடுந்தூர சைக்கிள் பயணம் அது. நேற்றிரவு எல்லாரும் வழியிலிருந்த விடுதிக் கூடத்தில் தங்கியிருந்தார்கள்; இன்று மலையேற்றம். வேனில் ஏறி மலையைக் கடந்தால் பயணம் முடித்ததாக ஆகாது. கால்கள் அசையாத டெய்லரம்மா இந்த ஒரு நாளுக்காக வருஷம் முழுக்கக் கையை முறுக்கேற்றியிருந்தாள். ஏழு மணிக்குப் புறப்பாடு. அந்த நீளத்துக்கு வேறு செயின் கைவசம் இல்லை.

ஏட்டம்மா விசாரணையைத் தொடங்கினார். முதலில் பயணக் குழுவின் மெக்கானிக்.

"போலீஸ் பக்கத்துல படுத்திருக்கும்போதே திருட்டா? நல்லாயிருக்கு!"

"வாயைக் குறை. நேத்து இவகூட சண்டை போட்டியே?"

"ஓட்டை ஸ்பானர்னு ஊர் கேக்கத் திட்டுனா, கொஞ்சவா சொல்றீங்க? அப்பவும் ராத்திரி செயினுக்கு எண்ணெய் விட்டுக் கொடுத்தேன். பட்டையை அவிழ்த்து, சக்கரத்தைச் சுத்திப் பார்த்து, கட்டில்கிட்ட அப்படியே விட்டேன். ரெண்டு பேரும் நல்ல தூக்கம்."

அடுத்து குழுவோடு வந்த டாக்டரம்மா.

"தோள் தசை கிழியற நிலைமை, ஏறாதேன்னு சொன்னேன். கேக்கல. அவ அண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன்."

"வண்டியைத் தொட்டீங்களா?"

"அதுல பிரேக் எங்க இருக்குன்னே தெரியாது எனக்கு."

குழுவின் வேனை ஓட்டும் அவள் அண்ணன் கோபத்தில் குதித்தான். "நான் வேன்லதான் படுத்திருந்தேன். எவன்னு சொல்லுங்க, கையை முறிக்கிறேன்."

ஆறு ஐம்பது. வாசலில் சைக்கிள் மணிகள் ஒலித்தன. ஏட்டம்மா நெற்றியைத் தேய்த்தார்.

"மெக்கானிக் அவிழ்த்துவிட்ட பட்டை காலையில கட்டியிருந்துச்சு. இவ தூங்குறப்போ செயினைக் கழட்டுனவன் அதைக் கட்டிட்டுப் போயிருக்கான். கட்டலேன்னா தாவுற வேகத்துல வண்டி நழுவி இவ மண்டை உடைஞ்சிருக்கும். திருடனுக்கு அந்தக் கவலை ஏன்? யோசிச்சுக் கட்டல, பழக்கத்துல கட்டியிருக்கான். தினமும் இவ ஏறுறதுக்கு முன்னால பட்டையைக் கட்டுறது யாரு?"

அண்ணன் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"தோள் போச்சுன்னா தையல் மெஷின் ஓட்ட முடியாது. சக்கர நாற்காலியத் தள்ள முடியாது. அப்புறம் எப்படிப் பொழைப்பா?"

"எனக்குத் தெரியாதாடா?" என்றாள் டெய்லரம்மா. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா ஏறாம விட்டிருப்பியா?"

"மாட்டேன்."

செயின் வேன் சீட்டுக்கு அடியில் இருந்தது. மெக்கானிக் முணுமுணுத்துக்கொண்டே மாட்டி முடித்தபோது தெருவில் ஒரு சைக்கிளும் இல்லை. திருடனைப் பிடித்தும் யாருக்கும் சந்தோஷமில்லை.

"பின்னாலயே மெதுவா வரட்டுமா?" அண்ணன் கேட்டான்.

"முன்னால போ. உச்சியில நில்லு. வழியில ஒருதரம் நிறுத்திப் பார்த்தே, அண்ணன்னு கூப்பிட மாட்டேன்."

வேன் போனது. அது வளைவில் மறையும்வரை காத்திருந்து, வலிக்கிற தோளை ஒருமுறை அழுத்திப் பிடித்துவிட்டு, அவள் சுற்றத் தொடங்கினாள்.