பழம் இல்லாத டப்பா

எழுந்திருக்கத்தான் நினைத்தாள் மூத்த மருமகள், உடம்பு கேட்கவில்லை. முந்தின நாள் வீட்டுத் திரைச்சீலைகள் அத்தனையையும் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். கொஞ்சம் தெம்பு வந்தால் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்வாள். அப்புறம் நாள்கணக்கில் விழுந்து கிடப்பாள். சோம்பேறி என்ற பேரைப் போக்க அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். அதனாலேயே அந்தப் பேர் இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொண்டது.

“நேத்து மலையைப் புரட்டினா... இன்னிக்குத் தம்ளரைத் தூக்க முடியலையாம்.” சமையலறையில் மாமியார் சொன்னது சுவரைத் தாண்டி வந்தது.

இவளைப் பிறந்த வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடு என்று மூத்த மகனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள் மாமியார். பஸ் ஓட்டும் அவன் அம்மாவை எதிர்த்துப் பேசிப் பழகாதவன். மாலையில் வந்து அழைத்துப் போகும்படி மச்சானுக்குச் சொல்லிவிட்டான். மூத்தவளுக்குக் கண்ணீரைத் துடைக்கக்கூடக் கை எழவில்லை.

தையல் கம்பெனிக்குக் கிளம்பிய இளைய மருமகள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்தாள்.

“அத்தை, இன்னிக்குப் பழம் வைக்கலையா?”

“நான் என்னிக்குடி வச்சேன்?”

இளையவள் திகைத்தாள். தினமும் உரித்த மாதுளை, ஆரஞ்சுச் சுளை, சில பாதாம்... எல்லாம் மாமியாரின் பாசம் என்றல்லவா நினைத்திருந்தாள்!

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மூத்த மகன் நிமிர்ந்தான். “அது அவளுக்காக வாங்கினதும்மா. டாக்டர் சாப்பிடச் சொன்னது.”

டாக்டர் விளக்கியதை அப்போதுதான் முழுவதுமாகச் சொன்னான். உடம்பும் ஓர் அடுப்பு மாதிரி. எரிந்தால் கரி படியும். மற்றவர்களுக்கு அது தானாக நீங்கிவிடும். இவளைப் போலத் தீராத அசதியில் தவிப்பவர்களுக்கு அதிகமாகத் தங்கிவிடுகிறது போலிருக்கிறது. நிறமுள்ள பழங்களும் கீரையும் கொட்டை வகைகளும் அதைக் கொஞ்சம் துடைக்கக்கூடும். குணமாகிவிடும் என்று சத்தியம் செய்ய முடியாது. முக்கியமாக, தெம்பாக இருக்கும் நாளில்தான் வேலையைப் பாதியில் நிறுத்த வேண்டும்.

“இதை முன்னாடியே சொல்றதுக்கு என்னடா?”

“சொன்னேன்மா. நீ சிரிச்சே.”

இளையவள் அதற்குள் கட்டிலருகே போய்விட்டாள். “முடியாத நாள்லயும் எழுந்து வந்து, உங்க மருந்தையா அக்கா எனக்குப் போட்டீங்க?”

“நாள் முழுக்க நின்னு உழைக்கிறவ நீ... படுத்துக் கிடக்கிறவளுக்கு அது எதுக்கு? உன் உடம்புலயாவது ஒட்டட்டும்னு...”

இளையவள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். “உங்களைச் சோம்பேறின்னு நானும்தானே அக்கா சொன்னேன்...”

வாசற்படியில் நின்றிருந்த மாமியாருக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. ஆண்டவன் அவளுக்கு நாக்கைக் கூர்மையாகவும் கையை மென்மையாகவும் படைத்திருந்தான். மாதுளை முத்துகளைத் தட்டில் உதிர்த்துக்கொண்டு வந்து, மூத்தவளின் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

“உன் மச்சானை வர வேண்டாம்னு சொல்லிடு,” என்றாள், மகனைப் பார்க்காமலே. “இவளைப் பார்த்துக்க இங்கே ஆள் இருக்கு.”

பிறகு மருமகளிடம் குனிந்தாள். “நாளைக்கே உடம்பு தேவலைன்னு தோணும். உடனே தொடப்பத்தைத் தூக்கினே... காலை ஒடிச்சிடுவேன்.”

சிரிக்கத் தெம்பில்லை மூத்தவளுக்கு. மாமியார் ஊட்ட, வாயை மட்டும் திறந்தாள்.