அமைச்சர் பூ அனுப்பிய செவ்வாய்க்கிழமை

ரியோ இன்னும் தலைநகராக இருந்த காலம். வெளியுறவு அமைச்சர் அனிசேட்டோ வில்லாசா ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தாமே பெல்மிரோவின் வீட்டுப் படியேறி வந்தார். லிஸ்பன், ஜெனீவா, மொன்டெவிடியோ என்று இருபத்தெட்டு வருஷம் தூதராக ஊர் ஊராகச் சுற்றியவர். அமைச்சராகி எட்டே மாதம். முந்தின நாள் பத்திரிகையில் அவருடைய ரகசிய எல்லை ஒப்பந்த வரைவு வரி விடாமல் அச்சாகியிருந்தது. பதவி ஆட்டம் கண்டுவிட்டது.

"சாயங்காலம் நாலு மணிக்கு ஜனாதிபதிகிட்ட ஒரு பேரைச் சொல்லணும். என் செயலாளர் அமாரோ பேரைத்தான் சொல்லப் போறேன். பதினஞ்சு வருஷம் கூட இருந்தவன், ஜெயிலுக்குப் போவான். தப்பா இருந்துடக் கூடாதேன்னுதான் உங்ககிட்ட வந்தேன்."

பெல்மிரோ ஓய்வு பெற்ற போலீஸ் அதிகாரி. அலட்டிக்கொள்ளாமல் காப்பியை நீட்டினார். அவருடைய மச்சினி இராசெமாவோ நோட்டும் பென்சிலுமாக நாற்காலி நுனிக்கே வந்துவிட்டாள். துப்பு என்றால் அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

"ஏன் அமாரோ?"

"செவ்வாய் மத்தியானம் நான் வேண்டாம்னு அடிச்சு நீக்கின வரி ஒண்ணு பத்திரிகையில அப்படியே வந்திருக்கு. அதுக்கு முன்னாடி, அன்னிக்கு ஒன்பதுலேர்ந்து பன்னிரண்டு வரைதான் அந்தக் காகிதம் என்னை விட்டுப் பிரிஞ்சு வீட்டு மேஜையில இருந்தது. பத்து மணிக்கு, இறந்துபோன என் பையன் டடேவுவுக்கு ஏழாம் நாள் திருப்பலி. மனைவி, வேலைக்காரங்க எல்லாரும் கோயில்ல. பூட்டின வீட்டுக்கு இன்னொரு சாவி அமாரோகிட்ட. அவன்தான் போய்க் காகிதத்தை எடுத்துட்டு வந்து பன்னிரண்டுக்கு என் கையில கொடுத்தான்."

"நீங்க கோயிலுக்குப் போகலையா?"

"ஜனாதிபதி மாளிகையில கூட்டம். பூ அனுப்பினேன்." அவர் காப்பியைத் தள்ளி வைத்தார். "பையன் போனப்ப புவேனோஸ் அய்ரெஸ்ல இருந்தேன். பேச்சுவார்த்தையைப் பாதியில விட முடியல. இந்தத் திங்கள் சாயங்காலம்தான் திரும்பினேன்."

"பையன் இறந்தது என்னிக்கு?"

"போன வாரம் செவ்வாய். தந்தி பையிலேயே இருக்கு."

தந்தியை வாங்கிப் படித்த பெல்மிரோ இராசெமாவைக் கோயிலுக்கு அனுப்பினார்.

மூன்று மணிக்கு அமைச்சர் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். அமாரோ வெளிறிப்போய் நின்றான். அமைச்சரின் மனைவி தோனா லியோகாடியா கறுப்பு உடையில் உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லு இராசெமா."

"கோயிலைப் பார்த்துக்கற கோயில்பிள்ளை என்னைப் பிடிச்சு ஒரே புலம்பல் அத்தான்! செவ்வாய்க்கிழமை அமைச்சர் வீட்டுப் பூ வண்டி நிறைய வந்து இறங்குதாம், கோயில்ல ஈ காக்கா இல்லியாம். திருப்பலி திங்கள்கிழமையே முடிஞ்சு போச்சாம்!"

"உளறாதே!" என்றார் அமைச்சர். "செவ்வாய்லேர்ந்து எண்ணிப் பாரு."

"போன வாரம் செவ்வாய் உங்க கைக்குத் தந்தி வந்த நாள், அய்யா," என்றார் பெல்மிரோ. "பையன் போயிட்டான்னு மட்டும்தான் அதுல இருக்கு, கிழமை இல்ல. ஊர்ல எல்லாரும் உயிர் போன நாள்லேர்ந்து எண்ணுவாங்க. நீங்க சேதி வந்த நாள்லேர்ந்து எண்ணிட்டீங்க. டடேவு போனது அதுக்கு முந்தின நாள், திங்கள்கிழமை. அப்படின்னா இந்தச் செவ்வாய் பத்து மணிக்கு இந்த வீடு காலியா இல்ல. அமாரோ, நீ காகிதம் எடுக்க வந்தப்ப கதவைத் திறந்தது யாரு?"

அமாரோ தலையைக் குனிந்துகொண்டான். "ஜெயிலுக்குப் போனாலும் அதை நான் சொல்ல மாட்டேன், சார்."

"நான்தான் திறந்தேன்," என்றாள் லியோகாடியா. "திங்கள் சாயங்காலம் வந்தீங்களே, திருப்பலி எப்படி நடந்ததுன்னு கேப்பீங்கன்னு விடிய விடியப் பார்த்தேன். காலையில வாசல்ல நின்னு, 'இன்னிக்குக் கோயிலுக்கு வர முடியாது, பூ அனுப்பிடறேன்'னீங்க. பெத்த பிள்ளை என்னிக்குச் செத்தான்னு தெரியாத மனுஷனுக்கு என்ன பெரிய பதவின்னு வயிறு எரிஞ்சுது. நானே பத்திரிகைக்காரனைக் கூப்பிட்டு, மேஜையில இருந்த காகிதத்தைப் பார்த்து எழுதிக்கச் சொன்னேன்."

பெற்ற பிள்ளையின் சாவைப் பற்றி அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இப்படியும் ஒரு வீடு! இராசெமா நோட்டை மூடிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நாலு அடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது. அமைச்சர் டெலிபோனை எடுத்து ஜனாதிபதியை அழைத்தார். "என் அஜாக்கிரதைதான். வேற யார் மேலயும் தப்பில்ல. நான் விலகிடறேன்." அமாரோ விம்மி அழுதான்.

அவர் மெல்ல வந்து மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கடைசியா ஏதாவது சொன்னானா, லியோகாடியா?"

"அப்பா இப்ப எந்த ஊர்ல இருக்காருன்னு கேட்டான்," என்றாள் அவள். "எனக்கே சட்டுன்னு சொல்லத் தெரியல."